கிழக்கு அடுப்படி

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கும் குணம் சந்திரலேகாவுக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்காக அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரிகளிடம் வசவு வாங்கியிருக்கிறாள். கடைசியில் அரசாங்கமே அந்தக் குணத்துக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்துவிட்டது. தொழில் தொடங்க மானியக் கடன் கேட்டு எழுதிப் போடுகிறவர்களின் வீட்டுக்குப் போய், சொன்னதெல்லாம் உண்மைதானா என்று பார்த்துவிட்டு வருவது அவளுடைய வேலை. கள ஆய்வு என்று அதற்குப் பெயர். எட்டிப் பார்ப்பது என்று சொன்னால் கௌரவமாக இருக்காதல்லவா.

இந்த வேலையில் அவள் பார்க்காத கூத்து இல்லை. ஆட்டுப் பண்ணைக்கு மானியம் கேட்ட ஒருவர், ஆய்வு நாளன்று மாமனார் வீட்டு ஆடுகளை இரவல் வாங்கிக் கட்டிவைத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய, ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு மாமனார் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டன. இன்னொரு இடத்தில் தையல் கூடம் என்று ஏழெட்டு எந்திரங்களைக் காட்டினார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தன, ஒன்றில்கூட நூல் இல்லை. இதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வருவதில்லை. மனுசர் எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் என்று வியந்துகொண்டே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவாள்.

வேலை முடிந்து சிவகங்கைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்கு ஒரு போன். அம்மா மானாமதுரைப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். சந்திரலேகா சிவகங்கையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன். நீ?" "இனிமேத்தான். வச்சிர்றேன்." தினமும் இவ்வளவுதான். ஊரார் வீட்டையெல்லாம் துருவிப் பார்க்கிறவளுக்கு அதில் துருவ ஏதாவது இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்றைக்கு அவள் போக வேண்டியிருந்தது வலையபட்டிக்கு. மேலதிகாரி அருள்பாண்டி காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மீனுன்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கு. படிச்ச பொண்ணு, புதுசா என்னமோ கருவி செய்யுதாம். ஆனா அதே கதவு எண்ல அதோட மாமியா ஏற்கெனவே பலகாரத் தொழிலுக்கு மானியம் வாங்கியிருக்காக. இந்தத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான். ஒரே ஒலையில பொங்கிச் சாப்பிடுறவுக ஒரு குடும்பம், அவ்வளவுதான் விதி. மருமக தனிச் சமையல்னு எழுதியிருக்கு. போயி ஒலையைப் பாத்துட்டு வாங்க."

சந்திரலேகாவுக்கு இது புதிராக இருந்தது. அவள் பிறந்தது விவசாயக் குடும்பம். அவர்கள் பக்கம் ஒரு கூரைக்குள் இரண்டாவது அடுப்பு மூட்டினார்கள் என்றால், அடுத்த வாரம் வக்கீல் வீட்டில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அவளுடைய சித்தப்பா ஒரு வரப்புத் தகராறில் அடுப்பைப் பிரித்துக்கொண்டு போனவர்தான், இன்றுவரை முகத்தில் முழிப்பதில்லை. ஆகவே வலையபட்டியில் ஒன்று மாமியார் மருமகள் சண்டை இருக்க வேண்டும், அல்லது மானியத்துக்காகச் சொன்ன பொய் இருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கால் பரபரத்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தெரு நெடுகப் பெரிய பெரிய வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஒரு பூட்டு அவளுடைய உள்ளங்கை அகலம் இருந்தது. நின்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

மெய்யம்மை ஆச்சி வாசலிலேயே காத்திருந்தார். அறுபதை எட்டாத வயது. ஒல்லியான உடம்பு, சுறுசுறுப்பான கண்கள். கணவர் முத்துக்கருப்பன் காலமான பிறகு மானியக் கடனில் எந்திரம் வாங்கிப் போட்டு, பின்கட்டில் பெண்களை வேலைக்கு வைத்துத் தேன்குழலும் சீப்புச் சீடையும் செய்து கடல் கடந்து அனுப்புகிறவர். அலுவலகத்தில் அவருடைய கடன் கணக்கை நல்ல கணக்கு என்று உதாரணம் காட்டுவார்கள்.

"வாங்க வாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டா வாரீக? ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல. இங்குட்டு ஒக்காருங்க. மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க, கேள்வியெல்லாம் பெறகு கேட்டுக்கலாம்."

உள்ளே இலை போட்டிருந்தது. வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, கந்தரப்பம், வெண்டைக்காய் மண்டி என்று ஒரு கல்யாணமே இலையில் இறங்கியிருந்தது. ஆய்வுக்குப் போகும் இடத்தில் கை நனைப்பதில்லை என்பது சந்திரலேகாவின் வைராக்கியம். அதைச் சொன்னதும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது.

"சாப்பிடாட்டிப் போகுது, பாக்கவாவது செய்யுங்க. விடியக்காலையிலருந்து சமைச்சது."

பார்ப்பதற்கு விதியில் தடை இல்லை. சந்திரலேகா நன்றாகவே பார்த்தாள், முக்கியமாகக் கந்தரப்பத்தை. பிறகு ஒரு தம்ளர் மோரை மட்டும் வாங்கிக்கொண்டாள். மோரைக் கொண்டுவந்து கொடுத்தவள்தான் மீனு. கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். கணவன் குமரப்பனுக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். மற்ற நாட்களில் இவ்வளவு பெரிய வீட்டில் ராத்தங்குவது இந்த இரண்டு பெண்கள்தான்.

"சமையல் எல்லாருக்கும் சேத்தா ஆச்சி?" என்று சந்திரலேகா சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

மெய்யம்மை ஆச்சி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுல என்னைக்கும் ஒரே ஒலைதான். மாமியா மருமகளுன்னு நாங்க பேதம் பாக்குறதில்ல. ஒரே அடுப்பு, ஒரே சமையல். நீங்க தைரியமா எழுதிக்கங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே மாமியாரின் வாயால் மருமகள் கெட்டாள். மீனு தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். வேற்று ஆள் முன்னால் பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசுவது அந்த வீட்டில் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

'ஒரே உலை' என்று எழுதிவிட்டு சந்திரலேகா அடுத்த பஸ்ஸையே பிடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் முற்றத்தைச் சுற்றிய உள்வளவின் மேற்கு மூலையில் பூட்டியிருந்த ஒரு கதவு அவள் கண்ணில் பட்டுவிட்டது. கதவுக்கு முன்னால் சின்னதாகக் கோலம், ஓரத்தில் ஒரு காலி கேஸ் சிலிண்டர், அதன் தலையில் காயப்போட்ட கரித்துணி.

"அது என்ன ரூம் ஆச்சி?"

"அது சாமான் ரூமு. பழைய பாத்திரமெல்லாம் கெடக்கு."

பழைய பாத்திரங்களுக்கு எதற்கு கேஸ் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "சரி, மருமக தொழிலைக் காட்டச் சொல்லுங்க" என்று எழுந்தாள்.

மீனுவின் பட்டறை முகப்பை ஒட்டிய ஒரு அறை. மேசை முழுக்க ஒயரும் பற்றவைக்கும் கருவியும் சோப்பு டப்பா அளவு வெள்ளைப் பெட்டிகளும். அந்த அறைக்குள் நுழைந்ததும் பெண்ணே மாறிவிட்டாள். இவ்வளவு நேரம் வாய் திறக்காதவளா இவள் என்று சந்திரலேகாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு என்ன நோவுன்னு யாருக்கும் தெரியிறதில்ல மேடம். ஓடு ஒடைஞ்சு மழைத் தண்ணி உள்ள எறங்கும். வீட்டுக்காரவுக சிங்கப்பூர்லயோ மெட்ராஸ்லயோ இருப்பாக. அடுத்த கல்யாணத்துக்கு வந்து தொறக்கும்போதுதான் உத்தரம் இத்துப்போனது தெரியும். இந்தப் பெட்டி உள்ள இருந்தா, ஈரம் ஏறுனதுமே அவுக போனுக்குச் சொல்லிரும். சூடு ஏறுனாச் சொல்லும். கதவு தொறந்தாச் சொல்லும்."

"பல்லி ஓடுனா?"

"அதைச் சொல்லாது மேடம்."

"கரண்ட் போயிருச்சுன்னா? வௌவால் அடைஞ்சா? கதவைத் தொறந்தது திருடனா வீட்டுக்காரனான்னு எப்படித் தெரியும்?"

கேள்விகளில் பாதி விண்ணப்பத்தில் இல்லாதவை, சந்திரலேகாவின் சொந்த அரிப்பு. மீனு ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னாள். பெட்டிக்கு 'ஆளிருக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். இந்தத் தெருவிலும் அரியக்குடியிலும் சில வீடுகளில் சோதனைக்கு வைத்து, போன மழையில் ஒரு வீட்டின் ஒழுகலை முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் கையால் செய்து மாளவில்லை. அச்சு செய்ய வேண்டும், இரண்டு பேரை வேலைக்கு வைக்க வேண்டும்.

"மானியம் கெடைச்சாத்தான் பேங்க்ல கடன்னு சொல்லிட்டாக. அது இல்லேன்னா இதை மூட்டை கட்டி வச்சிட்டு மெட்ராஸ்ல பழைய கம்பெனிக்கே போகணும். கூப்பிட்டிருக்காக. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டும். இந்த விஷயத்தில் பூசாரி தான்தான் என்று நினைக்க சந்திரலேகாவுக்குக் கூச்சமாக இருந்தது. "சரி, பெட்டி வேலை செய்றதைக் காட்டுங்க" என்றாள்.

மீனு செல்போனைத் திறந்தாள். அவர்கள் வீட்டிலேயே சில பெட்டிகள் இருந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோடு, சூடு ஏறினால் கோடு மேடாகும், ஆறினால் தரையாகும். முகப்பு, மேல்மாடி, கிழக்கு அடுப்படி, மேற்கு அடுப்படி.

சந்திரலேகாவின் விரல் கடைசி இரண்டின் மேல் நின்றது. "ரெண்டு அடுப்படி இருக்கே?"

மீனு வாசல் பக்கம் பார்த்தாள். மாமியார் காபி போடப் போயிருந்தார்.

"அந்தப் பூட்டுன ரூமு உங்க அடுப்படி. அப்படித்தானே? உங்களுக்குள்ள சண்டையா?"

"ஐயோ, சண்டையெல்லாம் இல்ல மேடம். எங்கள்ல வேறு வைக்கிறதுன்னு ஒரு வழக்கம். கல்யாணம் ஆயி வந்ததும் நல்ல நாள் பாத்து அயித்தையே எனக்குத் தனி அடுப்புப் போட்டுக் குடுத்தாக. அரிசி பருப்பு எண்ணெ, உப்புப் புளி மொதக்கொண்டு ஒரு வருசத்துக்கு அளந்து வச்சு, இந்தா, இனி ஒன் குடும்பத்தை நீ நடத்துன்னு சொன்னாக. அன்னையிலருந்து ஒரே வீடு, வேற வேற சமையல். இளையாத்தங்குடிக் கோயில்லயும் நாங்க தனிப் புள்ளி, வரி தனியாத்தான் கட்டுறோம். கோயில் கணக்குல நாங்க ரெண்டு குடும்பம் மேடம்."

இப்படியும் ஒரு வழக்கமா என்று சந்திரலேகா வாயைப் பிளந்தாள். சண்டை போடாமல் அடுப்பைப் பிரிக்கிறார்கள், அதுவும் மாமியாரே நாள் பார்த்துச் சீர் கொடுத்துப் பிரிக்கிறார். தன் சித்தப்பாவுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் ஒரு வக்கீல் பிழைப்பு கெட்டிருக்கும்.

"பெறகு ஏன் ஆச்சி ஒரே ஒலைன்னு சாதிக்கிறாக?"

"அவுக கடன் வாங்கும்போது குடும்பத்துல ஒத்துமை உண்டா, எல்லாரும் தொணையா நிப்பாகளான்னு துருவித் துருவிக் கேட்டாகளாம். அதுலருந்து கவர்ன்மென்ட்டுக்கு ஒத்துமைதான் பிடிக்கும்னு முடிவு பண்ணிட்டாக. நான் விதியைச் சொன்னேன். 'வந்த ஆளுகிட்டப் போயி ரெண்டு அடுப்புன்னு சொன்னா, மருமகளை ஒதுக்கி வச்சிருக்கேன்னுல நெனப்பாக, நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்'னுட்டாக. காலையில என் அடுப்படியைப் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டாக."

சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லி மானியம் வாங்கப் பார்த்தவர்களைத்தான் இதுவரை கண்டிருக்கிறாள். பொய் சொல்லி வர இருந்த மானியத்தை விரட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

சிரித்துக்கொண்டே செல்போனில் கோடுகளைப் பின்னோக்கித் தள்ளினாள். மீனு சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. இன்றைக்கு மட்டும் மேற்கு தரையோடு கிடந்தது, கிழக்கு விடியும் முன்பே மேடேறியிருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கியிருந்தன. வேலை முடிந்தது. 'தனி உலை' என்று எழுதிவிடலாம்.

முடிந்த வேலையை அப்படியே விட அவளுக்கு எப்போது தெரிந்தது? இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இன்னும் கொஞ்சம். மேற்கு அடுப்படி காலையிலும் ஏறியது, பொழுது சாய்ந்தும் ஏறியது. கிழக்கு அடுப்படி காலையில் மட்டும்தான் ஏறியது. எந்த நாளின் சாயங்காலத்தைப் பார்த்தாலும் கோடு தரைதான்.

மெய்யம்மை ஆச்சி காபியோடு உள்ளே வந்தார். சந்திரலேகா செல்போனைத் தூக்கிக் காட்டி, ஒரு பாவமும் அறியாதவள்போல் கேட்டாள். "ஆச்சி, கிழக்கு அடுப்படியில ராத்திரி சமைக்கிறதே இல்லையா?"

காபித் தம்ளர் ஆச்சியின் கையில் ஒரு நொடி நின்றது. இரண்டு அடுப்படியும் அம்பலமானது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் பயந்தது அதற்கல்ல. மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "தெனம் சமைக்கிறேனே. அந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டுப்போகல அயித்தை" என்றாள் மீனு.

"கெட்டுத்தான் போயிருக்கும். எந்திரந்தானே. எல்லாம் சரியாவா சொல்லும்?"

மீனுவின் முகம் வெளிறிவிட்டது. சந்திரலேகாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "சொந்த வீட்டுலயே தப்பாச் சொல்ற பெட்டின்னா, இதை நம்பி மானியம் குடுங்கன்னு நான் எப்படி ஆச்சி எழுதுறது?"

ஆச்சி காபியை மேசையில் வைத்தார். பெட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். முந்தானை முடிச்சில் இருந்த சாவியை விரல் நெருடிக்கொண்டே இருந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி சரியாத்தான் இருக்கு. அதுல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் ராத்திரியில ஒலை வைக்கிறதில்ல."

"ஏன் அயித்தை?"

"ஒருத்திக்குன்னு என்னத்தைப் பொங்குறது? ஒங்க மாமா இருந்தவரைக்கும் சூடா வேணும்பாக. இப்ப யாரு கேக்குறா? பலகாரத்துல ஒடைசல் விழும். ரெண்டு தேன்குழல் ஒடைசல், ஒரு தம்ளர் மோரு. வயிறு நெறைஞ்சிரும்."

"எட்டு அடி தள்ளித்தான் இருக்கேன். ஒரு நாள் எங்கிட்ட வந்திருக்கலாம்ல?"

"வேறு வச்சவ நான். நானே போயி ஒன் அடுப்படியில தட்டை நீட்டுறதா? அது நல்லா இருக்குமா?"

மீனு கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "நான் தெனம் இந்தக் கோட்டைப் பாக்குறேன் அயித்தை. அடுப்புச் சூட்டுல பெட்டி உருகாம இருக்கான்னுதான் பாத்தேன். ஊரு வீட்டுக்கெல்லாம் ஆளிருக்கு ஆளிருக்குன்னு பெட்டி வைக்கிறேன். எங்க வீட்டுல இருக்குற ஆளு சாப்பிட்டுச்சான்னு பாக்கல." அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்க முயலவும் இல்லை. "இன்னையிலருந்து ராத்திரி எங்கூடத்தான் சாப்பிடணும்."

மெய்யம்மை ஆச்சி சட்டென்று நிமிர்ந்தார். இப்போது மாமியார் பேசவில்லை, கடன் வாங்கிக் கட்டித் தீர்த்த தொழில்காரி பேசினார்.

"அது ஆகாது. ஒரே ஒலைன்னா மானியம் போயிரும்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்னே. காலையில எனக்குப் புத்தி போகல, இப்பப் போகுது. எனக்குக் குடுத்துட்டு மூணு வருசம் கழிச்சும் வந்து பாத்தாக. ஒனக்கும் வருவாக. அதுவரைக்கும் தனியாவே இருப்போம். ஒடைசலுக்கா பஞ்சம்?"

"மானியம் போனாப் போகட்டும்."

"நீ மெட்ராஸ் போயிட்டா அப்ப மட்டும் எனக்குச் சுடுசோறு யாரு போடுவா?"

இருவரும் திரும்பி சந்திரலேகாவைப் பார்த்தார்கள். தனி உலை என்று எழுதினால் அந்த எழுத்து ஆச்சியை மூன்று வருடம் உடைசலோடு கட்டிப்போட்டுவிடும். ஒரே உலை என்றால் இந்த அறையைப் பூட்ட வேண்டியதுதான். ஏன்தான் அந்தக் கோட்டை அவ்வளவு தூரம் பின்னால் தள்ளினோமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் குணத்தை நொந்துகொண்டாள்.

"நான் பாக்கத்தான் வந்தேன். எப்படி இருக்கணும்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல" என்றாள். "ராத்திரிக்குள்ள அறிக்கையை அனுப்பணும். அதுவரைக்கும் அந்தக் கோட்டை என் போன்ல தெரியிற மாதிரி வச்சு விடுங்க."

மீனு இணைப்பை அனுப்பினாள். கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். கந்தரப்பத்தைப் பொட்டலம் கட்டித் தர அவருக்குக் கை துறுதுறுத்தது தெரிந்தது. தரவில்லை.

அலுவலக வேலையாகப் பக்கத்துக் காரைக்குடியில் இன்னும் இரண்டு இடங்கள் பார்க்க வேண்டியிருந்தது. ஓர் அச்சகம், ஒரு பால் கடை. எதிலும் மனம் ஒட்டவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு டீயை வாங்கிக்கொண்டு செல்போனைத் திறந்தாள். கிழக்கும் தரை, மேற்கும் தரை.

டீ ஆறியது. சிவகங்கை வழியாக மானாமதுரை போகும் ஒரு பஸ்ஸை விட்டாள், இன்னொன்றையும் விட்டாள். மேற்கு மட்டும் ஏறினால், ஒன்று ஆச்சி மருமகளோடு சாப்பிடுகிறார், மானியம் இல்லை. அல்லது தனியே உட்கார்ந்து உடைசல் தின்கிறார், இரண்டில் எது என்று கோடு சொல்லாது. எப்படிப் பார்த்தாலும் தனக்குப் பிடித்தமான கோடு ஒன்றுகூட இல்லை. முன்பின் தெரியாத வீட்டு அடுப்புக்காக இப்படித் தவிப்போம் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கிழக்குதான் முதலில் அசைந்தது. மெதுவாக ஒரு சின்ன மேடு எழும்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்கும் எழும்பியது. இரண்டு மேடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு ஏறின. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை, மீனுவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"கிழக்குல யாரு சமைக்கிறா?"

போனில் எண்ணெயில் எதுவோ பொரியும் சத்தம் கேட்டது. "நான்தான் மேடம். அயித்தை அடுப்படியில அவுக அரிசியில அவுகளுக்கு ஒலை வச்சிருக்கேன்."

"அப்ப மேக்க?"

"அங்குட்டு அயித்தை நிக்கிறாக. எனக்கு என் மாவுல தோசை ஊத்துறாக." மீனுவின் குரலில் சிரிப்பு இருந்தது. "சாயங்காலம் பூரா வாக்குவாதம். தட்டை நீட்ட மாட்டேன்னு அவுக, ஒடைசல் திங்க விட மாட்டேன்னு நான். கடைசியில அவுகதான் வழி சொன்னாக. வேறு வச்சது வச்சபடி இருக்கட்டும், கையை மட்டும் மாத்திக்கிருவோம்னு. அவுக ஒலை அவுகளுக்கு, என் ஒலை எனக்கு. சாப்பிடுறப்ப ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிருவோம். இது தனி ஒலைதானே மேடம்?"

சந்திரலேகா யோசித்தாள். எந்த உலை என்றுதான் விதி கேட்கிறது. யார் கை என்று கேட்கவில்லை. அந்த விதியை எழுதியவருக்கு இப்படி ஒரு மாமியாரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"மூணு வருசம் கழிச்சு நானே வந்தாலும் இப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

"இருக்கும் மேடம். அதுக்குத்தானே பெட்டி."

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனிலேயே அறிக்கையை முடித்தாள். கருவி நேரில் சோதிக்கப்பட்டது, சரியாக இயங்குகிறது. உலை தனி. பரிந்துரைக்கலாம். அனுப்பிவிட்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மனசு நிறைந்திருந்தது. கை வழக்கம்போல் அம்மாவின் நம்பரை அழுத்தியது.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன். நீ?"

இனிமேத்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "என்ன சாப்ட்ட?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. "என்னடி புதுசாக் கேக்குற? என்னமோ சாப்ட்டேன். பன்னு இருந்துச்சு."

"ஒலை வச்சியா?"

"ஒருத்திக்கு எதுக்கு ஒலை" என்றாள் அம்மா, ஆச்சியைப்போலவே.

சந்திரலேகா எத்தனை வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மா வீட்டுக் கோட்டை மட்டும் ஒருநாளும் பின்னால் தள்ளிப் பார்க்கவில்லை.

கண்டக்டர் வந்து நின்றார். வாரம் முழுக்கப் பார்க்கிற முகம், கேட்காமலேயே சிவகங்கைக்குச் சீட்டைக் கிழிக்கப் போனார்.

"சிவகங்கை வேண்டாண்ணே. மானாமதுரை" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "அம்மா, நான் வந்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்கு ஒலை வை."